கவுளிக்கு எந்த மைக்?

எங்கள் ஒலி ஒளி அமைப்பாளர் சங்கத்தின் செயலாளர் போன வாரம் போன் செய்தார். ஆண்டு மலர் போடுகிறார்களாம்.

"அண்ணே, நீங்கதான் தொழில விட்டுட்டுச் சும்மா இருக்கீங்களே. சரியான மைக்கத் தேர்ந்தெடுக்குறது எப்படின்னு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க. இப்ப வர்ற பயலுக செல்லுல படத்தப் பாத்துட்டு மைக் வாங்குறாய்ங்க. போட்டோவ மட்டும் பாத்துப் பொண்ணு கட்டுற மாதிரி இருக்கு."

சும்மா இருப்பது உண்மைதான். திருநகரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளில் எந்த ஹாரன் கரகரக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் மனைவி இதைப் பக்கத்து வீட்டில் இப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள்: "நாலு தெரு தள்ளித் தகரம் விழுந்தா எந்திரிச்சு உக்காருவாரு. அடுப்படியிலருந்து நான் கூப்புட்டா மட்டும் லைன் கட்டு."

எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகுதான் யோசித்தேன். எந்த மைக் நல்ல மைக் என்று கேட்டால், எந்தச் செருப்பு நல்ல செருப்பு என்று கேட்பது போலத்தான். யார் காலுக்கு? எங்கே நடக்க? அதனால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். பிடித்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் யாரிடமும் படித்தவன் இல்லை. ஹாரன் ஸ்பீக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு வேப்பமரம் ஏறியவன். ஏறி இறங்கியதில் ஒயர் புரிந்தது, ஒயரைப் பிடித்துக்கொண்டே போனதில் ஆம்பிளிபயர் வந்தது, அங்கேயே உட்கார்ந்ததில் மிக்ஸர் பழகியது. நடுவில் வாங்கிய ஷாக்குகள்தான் எனக்குப் பரீட்சை. அவ்வளவுதான் என் படிப்பு.

என் முதலாளி வீரணன். 'முதலாளி' என்று கூப்பிட்டால், "எதுக்குப்பா கத்துற?" என்பார். நாம் கத்தியிருக்க மாட்டோம். பக்கத்தில் எப்போதும் ஒரு மைக் ஆனில் இருப்பது போலவே அவர் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகிவிடும். ஒருமுறை திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நான் ஆம்பிளிபயரைப் புகைய விட்டபோது, அவர் உதடு மட்டும்தான் அசைந்தது. என்ன திட்டினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பக்கத்தில் இருந்த நாதஸ்வரக்காரர் முகம் சிவந்து எழுந்து வெளியே போய்விட்டார்.

முதலாளி மைக் தேர்ந்தெடுக்கிற முறை வேறு யாரிடமும் நான் பார்க்காதது. 'ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங்' அவருக்கு ஆகாது. "ஹலோன்னு சொல்றப்ப எவனுமே அவனா இருக்க மாட்டான் முருகேசு" என்பார். பேசப்போகிறவரிடம் போய், கும்பிட்டு, "ஐயா வீடு எங்குட்டு? எப்படி வரணும்?" என்று கேட்பார். அவ்வளவுதான். வீட்டுக்கு வழி சொல்கிற மனிதன் தன் சொந்தக் குரலில் பேசுவான். வலது பக்கம் திரும்பணும் என்று சொல்லும்போது அவன் தலையும் வலது பக்கம் திரும்பும். எவ்வளவு திரும்புகிறான், கை எங்கே போகிறது, 'ப' வரும்போது காற்று எவ்வளவு அடிக்கிறது, மூச்சு எங்கே வாங்குகிறான், எல்லாம் அந்த ஒரு பதிலில் வந்துவிடும். கேட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்து முணுமுணுப்பார்: "கைல குடு." அல்லது "ஸ்டாண்டு போதும், ஆளு ஆட மாட்டாரு." அல்லது "காலர்ல குத்து."

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினரிடம் இப்படிக் கேட்டார். அவர் வழி சொல்லச் சொல்ல இடது பக்கம் திரும்பினார், பிறகு ரவுண்டானா வந்தது, ரவுண்டானாவோடு அவரும் சுற்றினார், கடைசியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரைச்சீலையிடம், "இதான் வீடு" என்றார். "காலர்ல குத்து" என்றார் முதலாளி. பேச்சு அருமையாகக் கேட்டது. அவர் மறந்துவிட்டுப் போன பொன்னாடையைக் கொடுக்க, அவர் சொன்ன வழியிலேயே மறுநாள் போனோம். கண்மாய் வந்தது.

மைக்குகளை அவர் இரண்டே சாதியாகப் பிரித்திருந்தார். ஒன்று டைனமிக். "இது ரோசக்கார மைக். பக்கத்துல வந்து மூஞ்சியப் பாத்துச் சொன்னாத்தான் காதுல வாங்கும். தள்ளி நின்னு பேசுறதெல்லாம் அதுக்கு வேண்டாம்." மேடைக்கும் கூட்டத்துக்கும் அதுதான். இன்னொன்று கண்டன்ஸர். மிக்ஸரிலிருந்து கரண்ட் கொடுத்தால்தான் அதற்கு உயிர் வரும். உயிர் வந்துவிட்டால் அடங்காது. "இது ஊர்வம்பு கேக்குற மைக். அடுத்த ரூம்ல புருசன் பொண்டாட்டி சண்ட போட்டாலும் காதக் குடுக்கும்." கடைக்குப் பின்னால் ரிக்கார்டிங்குக்கு என்று ஒரு சின்ன அறை வைத்திருந்தோம். அங்கே மட்டும்தான் கண்டன்ஸருக்கு இடம்.

அந்த அறையிலும் அது வேலையைக் காட்டியது. பரவை மார்க்கெட்டிலிருந்து ஒரு வெங்காயக்காரர் வந்தார். வண்டியில் ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவாகப் போவதற்குத் தன் குரலைப் பதிந்து தரச் சொன்னார். மார்க்கெட்டில் அவர் கூவினால் பஸ் நிற்கும். எங்கள் அறையில், ஏசிக்குள், கண்டன்ஸருக்கு முன்னால் நின்றதும் சாமி கும்பிடுகிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டார். "வெங்காயம்..." என்று இழவு சொல்கிற குரலில் ஆரம்பித்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"வெங்காயத்தப் பாக்காம எப்படித் தம்பி வெங்காயம்னு சொல்றது?"

ஒரு மூட்டை வெங்காயத்தை இறக்கிக் காலடியில் கொட்டினோம். குரல் பாதி வந்தது. இப்போது, "எதுத்தாப்புல ஆளு நின்னு வெலயக் கொறைக்கணும், அப்பத்தான் எனக்கு வாய் வரும்" என்றார். சரி என்று நான் மூலையில் நின்று குறைத்துக் கேட்டேன். அவ்வளவுதான், மனுசன் வெளுத்து வாங்கிவிட்டார். நாங்களும் சந்தோசமாகப் பதிந்து கொடுத்து அனுப்பினோம். இரண்டாம் நாள் வண்டியோடு திரும்பி வந்து நின்றார். மூலையில் நின்று நான் கேட்ட கேள்வியையும் அந்த மைக் காதில் வாங்கி வைத்திருக்கிறது. வண்டி போகிற தெருவெல்லாம் பெண்கள், "ஸ்பீக்கர்ல அந்த அண்ணன் கேட்ட வெலைக்கே போடு" என்று நின்றுவிட்டார்களாம். பிறகு அவரை மார்க்கெட்டுக்கே கூட்டிப்போய், கையில் டைனமிக்கைக் கொடுத்து, வெங்காயத்துக்கு நடுவில் நிற்க வைத்துப் பதிந்தோம். இடத்துக்குத் தக்க மைக் என்பதை அன்றைக்குத்தான் வெங்காய வாசனையோடு படித்தேன்.

இனி, செயலாளர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாற்பது வருசமோ என்னவோ, நான் எண்ணவில்லை, என் தொழிலில் ஒரே ஒருமுறைதான் எந்த மைக்கைப் போடுவது என்று தெரியாமல் முதலாளியே வெற்றிலையைத் துப்பிவிட்டு உட்கார்ந்தார்.

மதுரைக்கு மேற்கே ஒரு கிராமம். ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன், காரணம் கடைசியில் உங்களுக்கே விளங்கும். அந்த ஊர்க் கோயிலில் திருவிழா சாட்டுவதற்கு, அதாவது அறிவிப்பதற்கு, முன்னால் சாமியிடம் உத்தரவு கேட்பார்கள். சாமி கவுளி மூலமாக உத்தரவு கொடுக்கும். பல்லியைத்தான் அங்கே கவுளி என்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், ஊரே கோயில் முன்னால் உட்காரும். அடித்துக்கொண்டிருக்கும் பம்பையும் உறுமியும் நிற்கும். தேங்காய் மூடியில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றுவார்கள். அந்தத் திரி எரிந்து முடிவதற்குள் கோயிலுக்குள்ளிருந்து, சாமிக்கு வலது பக்கத்தில், கவுளி சொல்ல வேண்டும். சொன்னால் திருவிழா. இடது பக்கம் சொன்னாலோ, சொல்லாமலே இருந்துவிட்டாலோ அந்த வருசம் சும்மா இருக்க வேண்டியதுதான்.

கவுளி சொல்லிவிட்டது என்று கையைத் தூக்கி அறிவிப்பவர் பூசாரி கருப்பையா. அப்பா, பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் வீட்டுக்குத்தான் அந்தப் பாத்தியதை. கோயில் சாவி அவர் இடுப்புக் கயிற்றிலேயே தொங்கும்.

சில வருசமாகத் தகராறு. பூசாரி கையைத் தூக்குவார். கீழத்தெருக்காரர்கள் ஆமாம் என்பார்கள். மேலத்தெருக்காரர்கள், "எங்களுக்குக் கேக்கலையே" என்பார்கள். மேலத்தெருவுக்குத் தலைமை தவசி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஓடுற பஸ்ஸுல சில்லற விழுந்தா எந்த சீட்டுக்கு அடியிலன்னு சொல்லுவேன். என் காதுக்குக் கேக்காத கவுளி பூசாரிக்கு மட்டும் எப்படிய்யா கேக்கும்? கவுளி சொல்லல. அவரு நாக்கு சொல்லுச்சு" என்று ஒரு வருசம் சபையில் சொல்லிவிட்டார். பூசாரியே வாய்க்குள் 'ட்சிக் ட்சிக்' என்கிறாராம். அதோடு திருவிழா நின்றது. அடுத்த வருசமும் நின்றது.

கடைசியில் ஊர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. கவுளி சொல்வது எல்லாருக்கும் கேட்க வேண்டும். மைக் வைத்துவிடுவது. மைக்கில் கேட்டால் பூசாரி பூசாரியாகவே இருப்பார். கேட்காவிட்டால் சாவியைக் கழற்றிச் சபையில் வைத்துவிட வேண்டும். பூசாரியும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

இதைச் சொல்லி எங்களைக் கூப்பிட வந்தபோது முதலாளி வழக்கம் போல, "யாரு பேசப்போறா?" என்று கேட்டார்.

"கவுளிண்ணே."

முதலாளி தேதியை மட்டும் குறித்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு என் காதருகே வந்து சொன்னார்: "முருகேசு, இதுகிட்ட எப்படிடா வீட்டுக்கு வழி கேக்குறது?"

டைனமிக் ஆகாது. மனிதனென்றால் மைக் பக்கத்தில் வாருங்கள் என்று சொல்லலாம். கவுளியிடம் சொல்ல முடியாது. சினிமா ஷூட்டிங்கில் வைப்பார்களே, நீளமான குழாய் மைக், அது ஒன்றை வாடகைக்கு எடுக்கலாமா என்று யோசித்தோம். அது நீட்டுகிற திசையில் மட்டும் கேட்கும். எந்தத் திசையில் நீட்டுவது? கவுளி சுவரில் இருக்கும், உத்தரத்தில் இருக்கும், சமயத்தில் சாமியின் தோளிலேயே இருக்கும். ஆகவே ஊர்வம்பு மைக்தான். சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு சின்னக் கண்டன்ஸர் இருந்தது. கருவறை உத்தரத்தில் நடுவாகத் தொங்க விடுவது என்று முடிவு செய்தோம்.

முந்தின நாளே போனோம். மைக்கை எடுத்துக்கொண்டு நான் வாசல் படியில் கால் வைத்ததும் பூசாரி குறுக்கே கையை நீட்டினார்.

"இது குளிச்சிருச்சா?"

நான் என்னைக் கேட்கிறார் என்று நினைத்து, "குளிச்சுட்டுத்தான் வாரேன்" என்றேன்.

"ஒன்னயக் கேக்கல. இதக் கேக்குறேன்."

எந்தெந்தச் சாவு வீட்டில், எந்தெந்த வாய்க்கு முன்னால் நின்ற மைக்கோ, தலை முழுகாமல் சாமிக்கிட்டே போகக் கூடாது என்றார். இந்த ஒரு விசயத்தில் தவசியும் அவர் பக்கம். "அதானே? பூசாரி சொல்றது கரெக்ட்டுதான்" என்றார். சொம்பில் மஞ்சள் தண்ணீர் வந்துவிட்டது. கண்டன்ஸர் மேல் மூச்சுப் பட்டாலே முதலாளிக்கு வேர்க்கும். அவர் மைக்கின் தலையிலிருந்த பஞ்சுத் தொப்பியைக் கழற்றினார். இரண்டு கையாலும் அதை ஏந்தி நீட்டி, "தலைக்கு மட்டும் ஊத்துங்க சாமி" என்றார். தொப்பி மஞ்சள் தண்ணீரில் முழுகியது, வெயிலில் காய்ந்தது, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டது, பிறகு மைக்கின் தலைக்கே திரும்பியது.

அடுத்து லெவல் வைக்க வேண்டும். கவுளிச் சத்தம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் மிக்ஸரில் எவ்வளவு ஏற்றுவது என்று தெரியும். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து, "யாராச்சும் கவுளி மாதிரிக் கொஞ்சம் சொல்லிக் காட்டுங்கப்பா" என்றேன்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சாதாரண நாளில் சின்னப்பிள்ளைகூடச் செய்யும். அன்றைக்கு ஊரே உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறது. நன்றாகச் சொல்லிக் காட்டுகிறவன்தான் இத்தனை வருசமும் சொன்னவன் என்று ஆகிவிடுமே! பூசாரி கோயிலுக்குள் போய் விளக்குத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"இதுக்குப் போயி என்னய்யா பயம்?" என்று தவசி முன்னால் வந்தார். "அவரு எப்படிச் செஞ்சாருன்னு நான் காட்டுறேன் பாரு." நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி, கண்ணை மூடி, 'ட்சிக் ட்சிக் ட்சிக்' என்றார். அப்படியே கவுளி. உத்தரத்திலிருந்து நிஜக் கவுளி ஒன்று தலையை நீட்டிப் பார்த்தது. ஊர் மொத்தமும் தவசியைப் பார்த்தது.

"என்னய்யா பாக்குறீங்க? நடிச்சுல்ல காட்டுனேன்!"

"மாப்ள இம்புட்டு நல்லாச் செய்வாப்லன்னு தெரியாமப் போச்சே" என்று கீழத்தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கு லெவல் கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை. கோயிலுக்கு வலது பக்கம் வேப்பமரத்தில் ஒரு ஹாரன், இடது பக்கம் தண்ணீர்த்தொட்டி மேல் ஒரு ஹாரன். முன்மண்டபத்து ஓரமாக மேசை போட்டு நானும் மிக்ஸரும். பக்கத்தில் முதலாளி. பூசாரி கருவறை வாசலில், கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார். இடுப்பில் சாவி. திரியை ஏற்றினார்கள். பம்பை நின்றது. உறுமி நின்றது. நான் மைக்கை மெல்ல ஏற்றினேன்.

ஊர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது என்று நாம் சொல்கிறோம். கண்டன்ஸர் அப்படிச் சொல்லாது. முதலில் ஒரு வளையல் கலகலத்தது. அது வேப்பமரத்திலிருந்து கோயில் மணி மாதிரி இறங்கியது. பிறகு யாரோ முறுக்குக் கடித்தார்கள், ஓட்டு வீடு சரிந்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு பெண்ணின் ரகசியக் குரல் தொட்டி மேலிருந்து ஊருக்கே சொன்னது: "அவ கட்டியிருக்காள்ல, அது எங்க அக்கா சேல. வாங்குனவ குடுக்கவே இல்ல." எல்லாத் தலையும் திரும்பியது. இரண்டு முகம் மட்டும் தரையைப் பார்த்தது. அதன் பிறகு ஒரு பெரிய வயிறு முனகியது, இடி மாதிரி. யாருடையது என்று தெரியவில்லை. ஊர்த் தலைவர் மட்டும் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு ஒருவரும் மூச்சுக்கூட விடவில்லை. நிஜமான அமைதி அந்த ஊரில் அன்றைக்குத்தான் வந்திருக்கும்.

திரி பாதி எரிந்தது. பூசாரி கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பயத்தில் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கவுளி சொன்னது.

டட்சிக்! டட்சிக்! டட்சிக்! கல்லுடைக்கிற மெஷின் மாதிரி வந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் ஒன்றுவிடாமல் எழும்பின. தெருநாய்கள் குரைத்தன. ஒரு கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பூசாரி இரண்டு கையையும் தூக்கினார்.

"வலது!" என்று கத்தினார்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த கீழத்தெருக்காரர்கள்.

"எடது!" என்று கத்தினார்கள் தொட்டியடியில் உட்கார்ந்திருந்த மேலத்தெருக்காரர்கள்.

"பின்னாடிய்யா, தெருவுலருந்துல்ல வந்துச்சு!" என்றார்கள் பள்ளிக்கூடச் சுவரோரம் இருந்தவர்கள். சுவரில் பட்டுத் திரும்பிய சத்தம் அவர்களுக்கு.

மைக்கைப் பற்றி ஒரு வாரம் யோசித்தோம். ஸ்பீக்கரைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. கூட்டம் என்றால் இரண்டு பக்கமும் ஹாரன் கட்டுவது கைப்பழக்கம், கட்டிவிட்டோம். எந்த ஊருக்குச் சத்தத்தைவிடத் திசை முக்கியமோ, அந்த ஊரில் ஒரு கவுளியை நாலு திசையிலும் நிறுத்திவிட்டோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு தெருவும் எழுந்துவிட்டது. "மைக்செட்டுக்காரன் எந்தத் தெருவு ஆளுய்யா?" என்று ஒரு குரல். மேசைக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். அங்கே ஆம்பிளிபயர் இருந்தது.

"கழட்டுய்யா சாவிய!" என்றார் தவசி.

பூசாரி கை இறங்கி இடுப்புக்குப் போனது. கயிற்று முடிச்சைத் தடவியது. திரி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

முதலாளி என்னிடம் குனிந்தார். அந்தக் கூச்சலிலும் மெதுவாகத்தான் சொன்னார். "ஹாரன் ரெண்டையும் நிப்பாட்டு. ஹெட்போன எடு."

ஹெட்போனைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று எதையோ பேசினார். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே முன்வரிசை அடங்கியது, அதைப் பார்த்துப் பின்வரிசை அடங்கியது. "அய்யா, இந்த ஊர்ல நல்ல காது யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றார் தவசி.

"அப்ப நீங்களே கேட்டுச் சொல்லுங்க. திரி அணையிறதுக்குள்ள இன்னொருக்கச் சொன்னாச் சரி. இல்லேன்னா உங்க இஷ்டம்."

கீழத்தெரு முணுமுணுத்தது. பூசாரி என்ன சொல்வார் என்று எல்லாரும் பார்த்தார்கள். பூசாரி முதலாளியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை ஆட்டினார். தவசியை என் மேசைக்கு முன்னால் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினோம். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற காலத்து மிடுக்கோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரி நுனிக்கு வந்துவிட்டது. எண்ணெய் தீர்ந்து படபடத்தது. தொழிலில் எத்தனையோ பெரிய ஆட்களுக்கு மைக் பிடித்திருக்கிறேன். பேசுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சிய ஒரே ஆள் அந்தக் கவுளிதான்.

தவசியின் கண் விரிந்தது. வாய் திறந்தது. நாங்கள் எதையும் கேட்கவில்லை, அவர் மட்டும் கேட்டார். மெல்லக் கையைத் தூக்கினார். எந்தப் பக்கம் காட்டப்போகிறார் என்று இரண்டு தெருவும் அந்தக் கையையே பார்த்தது. கை வலது பக்கமும் போகவில்லை, இடது பக்கமும் போகவில்லை. தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டார்.

"எங்குட்டு மாமா?" என்றது ஒரு குரல்.

"உள்ள."

"கோயிலுக்குள்ளதான், அது தெரியும். எந்தப் பக்கம்?"

"கோயிலுக்குள்ள இல்லடா. எனக்குள்ள. நடு மண்டைக்குள்ள நின்னு சொல்லுது." அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "சாமி எனக்குள்ள வந்து சொல்லிருச்சுடா!"

தொழில் தெரிந்த உங்களுக்கு இது புரியும். ஒரே மைக்கை இரண்டு காதுக்கும் சமமாகக் கொடுத்தால் சத்தம் வலதுமில்லாமல் இடதுமில்லாமல் மண்டையின் மையத்தில்தான் நிற்கும். யார் போட்டாலும் அப்படித்தான். நான் வாயைத் திறக்கப் போனேன். முதலாளி என் காலை மிதித்தார். "சத்தத்தக் கொண்டுபோய்ச் சேக்குறதோட நம்ம வேல முடிஞ்சுது" என்றார். தெரிந்துதான் ஹெட்போனைக் கொடுத்தாரா, தவித்த வாய்க்கு எதையோ கொடுத்தாரா என்று கேட்டால் இப்போதும் வெற்றிலையைக் காட்டுவார், வாயில் இருக்கிறதாம்.

குலவைச் சத்தம் கிளம்பியது. தவசி ஹெட்போனோடு எழுந்து ஓட, ஒயரோடு மிக்ஸரும் கிளம்ப, நான் பாய்ந்து பிடித்து ஹெட்போனைக் கழற்றிக்கொண்டேன். அவரே போய்ப் பூசாரியின் கையை இடுப்பு முடிச்சிலிருந்து எடுத்துவிட்டார். "சாவி ஒம்ம இடுப்புலயே கெடக்கட்டும். நான் பேசுனது தப்பு" என்றார். திருவிழா சாட்டியாகிவிட்டது. தவசி தெருவில் நின்று, சாமி தன் மண்டைக்குள் எந்த இடத்தில் நின்றது என்று ஒவ்வொருவருக்கும் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

முன்மண்டபத்தில் நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். பூசாரி உள்ளே வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்துக்கொண்டார்.

"அப்பு, அந்தக் காதுல மாட்டுறத எனக்கும் ஒருவாட்டி மாட்டிவிடேன்."

மாட்டிவிட்டேன். கவுளி சொன்னதையெல்லாம் பதிந்து வைத்திருந்தோம், அதைப் போட்டேன். அவர் முகத்தில் ஒன்றுமில்லை. "போட்டுட்டியா?" என்றார். கொஞ்சம் ஏற்றினேன். ஒன்றுமில்லை. இன்னும் ஏற்றினேன். பக்கத்திலிருந்த எனக்கே ஹெட்போனிலிருந்து சத்தம் வெளியே கேட்கிறது. அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் முதலாளி பேசியபோதும் பூசாரி அவர் வாயைத்தான் பார்த்தார்.

"சாமி, உங்களுக்குக் காது...?"

"அது போயி ரொம்ப வருசம் ஆச்சுப்பா. யாருக்கும் தெரியாது."

"அப்ப கவுளி சொன்னா எப்படித் தெரியும்?"

"எனக்கெதுக்குக் கேக்கணும்? ஊருக்குக் கேக்கும்ல. கவுளி சொன்ன ஒடனே அம்புட்டு மொகமும் உத்தரத்தப் பாத்து நிமிரும். வலது பக்கம் சொன்னா வலது பக்கம் நிமிரும். அதப் பாத்துக் கையத் தூக்குவேன். பொய் சொன்னதே இல்ல." ஒரு பெருமூச்சு விட்டார். "இந்தச் செல்லு வந்துச்சு பாரு, அதுலருந்துதான் கஷ்டம். எல்லாவனும் குனிஞ்சே உக்காந்திருக்கான். கவுளி சொன்னாலும் குனிஞ்சிருக்கான், சொல்லாட்டியும் குனிஞ்சிருக்கான். நான் எதப் பாத்துத் தூக்குறது?"

நான் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினேன். அவர் புருவம் மேலே போனது.

"இதா?"

"இதான்."

மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும். "இம்புட்டுக்காணும் சத்தத்துக்கா இம்புட்டுப் பேரு வேட்டிய மடிச்சுக் கட்டுனாய்ங்க?" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

உத்தரத்திலிருந்து மைக்கை இன்னும் இறக்கவில்லை. பதிவை நிறுத்திவிட்டு மைக்கையே ஹெட்போனுக்குத் திறந்துவிட்டேன். அவர் சிரிப்பு நின்றது. தலையைச் சாய்த்துக்கொண்டார். "கழட்டுங்க சாமி, மைக்க இறக்கணும்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"இரு. சனம் பேசுது." வெகுநேரம் கேட்டார். "யாரோ ஒருத்தி செருப்பக் காணோம்னு தேடுறா."

ஹெட்போனைக் கழற்றாமலே வாசலைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். "ஏத்தா, செருப்பு அந்தக் கன்னுக்குட்டி முட்டுன எடத்துல கெடக்கு பாரு. புளியமரத்தடில!" கன்று வாசல் செருப்புகளைச் சிதறடித்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் முட்டியபோது எல்லாரும் கவுளித் திசையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும்தான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே யாரோ புளியமரத்தடிக்கு ஓடினார்கள். பிறகு அந்தப் பெண்ணின் குரல்: "ஆத்தீ, இங்கனதான் கெடக்கு! கோயிலுக்குள்ள இருக்குறவருக்கு எப்படிக் கேட்டுச்சு?"

தவசியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. "பின்ன? அவருக்குக் கேக்காம யாருக்குக் கேக்கும்? காதுன்னா அது காது!"

பூசாரி அதையும் கேட்டார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

இப்போது அவர் மகன் இடுப்பில் சாவி. அப்பா மேசையருகே அதே ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறாராம், வருசா வருசம் தவசிக்குப் பக்கத்தில். அன்றைக்கு ராத்திரி கடைக்குத் திரும்பிச் சாமான்களைச் சரிபார்த்தபோது ஹெட்போன் ஒன்று குறைகிறது என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் என்னவோ சொன்னார். உதடு மட்டும் அசைந்தது. இந்த முறை நாதஸ்வரக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை. ஆனால் அது திட்டு இல்லை என்று எனக்குத் தெரியும், நானும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.